கீரைக்கு 25 நாள்... மாமரத்துக்கு 5 வருஷம்!

என்ன குட்டீஸ், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? ஆங்கிலேயர் காலத்திலிருந்து பழைய பல்லாவரத்தில் நடந்து வரும் சந்தை அது. காய்கறி, பாத்திரம், நாற்காலி, பழைய எலக்ட்ரானிக் சாமான் என்று எல்லாமே கிடைக்கும். ஒரு பக்கம் செடி, கொடி, மரக்கன்றுகளையும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

அங்கே நீங்கள் இரண்டு பொருள் வாங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கையில் அரைக்கீரை விதைப் பொட்டலம். இன்னொரு கையில், கறுப்புப் பையில் இருக்கும் ஒட்டு மாங்கன்று. சனிக்கிழமை காலையில் இரண்டையும் வீட்டுப் பின்பக்கம் நட்டு விடுகிறீர்கள். தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன், பாரபட்சம் இல்லாமல் அதற்கு ஒரு குவளை, இதற்கு ஒரு குவளை தண்ணீர்!

ஒரு மாதம் ஆனது. கீரை மசியலாகித் தட்டுக்கே வந்துவிட்டது. மாங்கன்றோ நட்ட அன்று இருந்த அதே பத்து இலையோடு நிற்கிறது. மே மாதம் வந்ததும் அந்த இலைகளும் காய்ந்து கொட்டிவிட்டன. 'நம் கைக்கு மரம் ராசியில்லை' என்று பாட்டி சொல்கிறார்.

ராசியெல்லாம் இல்லை குட்டீஸ்! தவறு வேறு இடத்தில் இருக்கிறது. கீரைக்கு என்ன வேண்டுமோ அதையே மாவுக்கும் கொடுத்ததுதான் தவறு. இரண்டும் செடிதான், இரண்டுக்கும் மண், நீர், வெயில், உரம் வேண்டும். ஆனால் எவ்வளவு, எப்போது, எங்கே என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அது என்னவென்று பார்ப்போமா?

இலை முதலில்... பழம் கடைசியில்!

ஒரு செடியைப் பார்த்ததும் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 'இதில் நாம் எதைச் சாப்பிடப் போகிறோம்?'

கீரையில் இலையைச் சாப்பிடுகிறோம். எந்தச் செடியும் முளைத்தவுடன் முதலில் செய்வது இலைதான். இலை செடியின் சமையல்கூடம். வெயிலையும் தண்ணீரையும் காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வைத்து அங்கேதான் உணவு தயாராகிறது. எனவே கீரைக்காரர் அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. விதைத்த 20, 25 நாளில் அரைக்கீரையை நறுக்கலாம். அடியில் நாலு விரல்கடை விட்டு நறுக்கினால் மறுபடியும் துளிர்க்கும். முளைக்கீரை, சிறுகீரை என்றால் வேரோடு பிடுங்கிக் கட்டு கட்டிவிடுவார்கள்.

பழம் அப்படியல்ல. மரம் முதலில் வேரை இறக்க வேண்டும். தண்டு பருக்க வேண்டும். கிளை விட வேண்டும். சாப்பாடு சேர்த்து வைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, மிச்சம் இருக்கும் சக்தியில்தான் பூவும் காயும். ஒட்டுக் கன்றாக இருந்தாலும் நல்லபடியாகக் காய்க்க 4, 5 ஆண்டு ஆகும். பூ பூத்து அது பழமாவதற்கு மட்டுமே மூன்றரை, நான்கு மாதம் ஆகும். அந்த நேரத்தில் நாலு தடவை கீரை போட்டு எடுத்துவிடலாம்!

ஆனால், ஒரு தடவை காய்க்க ஆரம்பித்த மாமரம் சுலபத்தில் ஓயாது. நூறு ஆண்டுக்கு மேல் வாழும் மாமரங்கள் உண்டு. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமே மாமரம்தானே!

விதையிலேயே வித்தியாசம்

கீரை விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கடுகைவிடச் சின்னது, கறுப்பாகப் பளபளக்கும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அதனால் மணலோடு கலந்து தூவுவார்கள். மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் அந்தக் குட்டி விதைக்கு முட்டி மோதி மேலே வரச் சக்தி இருக்காது. எறும்பு தூக்கிப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாங்கொட்டையோ கைக்கு அடங்காது. உள்ளே நிறைய உணவு சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை! கீரை விதையைக் காய வைத்து டப்பாவில் போட்டால் அடுத்த ஆண்டும் முளைக்கும். மாங்கொட்டை காய்ந்துவிட்டால் போச்சு. பழம் சாப்பிட்ட சில நாட்களுக்குள் மண்ணில் ஊன்றிவிட வேண்டும்.

கொட்டையிலிருந்து வரும் மரம் தாய் மரம் மாதிரியே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை. மல்கோவா கொட்டையை நட்டுவிட்டு மல்கோவாவுக்குக் காத்திருந்தால், பல வருஷம் கழித்து வேறு ருசியில் ஒரு பழம் வந்து நிற்கலாம். அதனால்தான் நல்ல மரத்தின் கிளையை நாற்றின் மேல் ஒட்டுக் கட்டி, 'ஒட்டு மா' என்று விற்கிறார்கள். ஒட்டுப் போட்ட இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள். அது வேர்ச் செடியின் துளிர். நீங்கள் கேட்ட மாம்பழத்தை அது தராது!

மண்வெட்டியில் பட்ட வரலாறு

கீரைக்கு அரையடி ஆழம் நல்ல மண் இருந்தால் போதும். உடைந்த பக்கெட், பழைய டப், மொட்டை மாடியில் ஒரு தட்டு, எதிலும் வளரும். செடிக்குச் செடி இரண்டு விரல் இடைவெளி விட்டால் ராஜ வாழ்க்கை.

மாவுக்குக் குழியே பெரிதாக வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் ஒரு மீட்டர். அதில் மேல்மண்ணையும் மக்கிய தொழு உரத்தையும் கலந்து நிரப்பிய பிறகுதான் கன்று. தோப்பில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி விடுவது பழைய வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 பெருக்கல் 10, அதாவது 100 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு மரத்துக்கு!

பல்லாவரத்தில் இப்படிக் குழி தோண்டுவது லேசான வேலையும் அல்ல. மலையடிவாரம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே சரளையும் பாறையும் தட்டும். இங்கே உள்ள கடினமான பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர்.

இந்த ஊர்ச் சரளை மண்ணுக்கு ஒரு பெருமையும் உண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நில இயல் ஆய்வாளர், பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் செய்த கற்கருவி! இந்தியாவில் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்தக் கல்தான்.

நீங்கள் தோண்டும்போதும் கல் தட்டலாம். அது கற்கால ஆயுதமாக இல்லாவிட்டாலும் வேருக்கு அது தடைதான். அதனால் குழி தோண்டும்போது பெரியவர்கள் துணையோடு பெரிய கற்களை எடுத்துவிடுங்கள். 'இந்தச் சின்னக் கன்றுக்கு இவ்வளவு பெரிய பள்ளமா?' என்று சோம்பல் படாதீர்கள். மரத்துக்குப் பள்ளம்தான் அஸ்திவாரம்.

குவளையா, வாளியா?

இப்போது உங்கள் ஒரு குவளைத் தண்ணீருக்கு வருவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள். காய்ந்த தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து, பழைய கரண்டியால் அந்த இடத்தைத் தோண்டுங்கள். எத்தனை விரல் ஆழத்துக்கு ஈரம் இருக்கிறது? கொஞ்சம்தான் இருக்கும். அதற்குக் கீழே மண் உலர்ந்தே கிடக்கும்.

கீரைக்கு அந்த ஈரமே விருந்து. அதன் இளம் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மேல்மண் காய்ந்தால் இலை உடனே துவண்டுவிடும். எனவே கீரைக்குத் தினமும், பூவாளியால், மெதுவாகத் தெளிக்க வேண்டும். குவளையை அப்படியே கவிழ்த்தால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

மாங்கன்றுக்கோ அந்தக் குவளை வெறும் ஏமாற்று வேலை. அதன் வேர் கீழே போகப் பார்க்கும். கீழே ஈரமே இல்லையென்றால் என்ன செய்யும்? மேலே கிடைக்கும் அந்த மூன்று விரல் ஈரத்துக்காக அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் நீங்கள் ஊருக்குப் போனால் அவ்வளவுதான். அதனால் வேர் பிடித்த கன்றுக்கு, தினம் ஒரு குவளையைவிட வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒரு வாளி நிறைய, மெதுவாக ஊற்றுவது மேல். தண்டின் மேல் ஊற்றாமல், சுற்றிலும் வட்டமாகப் பாத்தி கட்டி அதில் ஊற்றுங்கள்.

மரம் பெரிதானால் இன்னொரு ரகசியம். உச்சி வெயில் நேரத்தில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். தண்ணீரை உறிஞ்சும் சின்ன வேர்கள் அந்த ஓரத்தில்தான் அதிகம். தண்ணீரும் உரமும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இதைக் கேளுங்கள், இன்னும் ஆச்சரியமாக இருக்கும். காய்க்கும் வயது வந்த மாமரத்துக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவார்கள். மார்கழிக் குளிரும் காய்ந்த மண்ணும் சேர்ந்து, 'இலை விட்டது போதும், பூ விடு' என்று மரத்துக்குச் சொல்லும். தை, மாசியில் மரம் முழுக்கப் பூங்கொத்து. பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் மறுபடி தண்ணீர். தண்ணீர் கொடுப்பதும் அன்புதான், சில நேரம் கொடுக்காமல் இருப்பதும் அன்புதான்!

யாருக்கு எந்தச் சாப்பாடு?

செடிகளுக்கு முக்கியமாக மூன்று சத்து வேண்டும். தமிழில் இவற்றுக்கு அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. பாடப் புத்தகத்தில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் என்று படிப்பீர்கள்.

பெயரே வேலையைச் சொல்கிறது பாருங்கள். தழைச்சத்து, தழை வளர. மணிச்சத்து, வேர் ஓடவும் மணி பிடிக்கவும். சாம்பல் சத்து, பழம் நன்றாகத் திரண்டு இனிக்க. விறகுச் சாம்பலில் அது இருப்பதால் அந்தப் பெயர். 'பொட்டாஷ்' என்ற சொல்லும் 'பானைச் சாம்பல்' என்ற பொருளில் பிறந்ததுதான்!

கீரைக்குத் தழைச்சத்து முக்கியம். நன்றாக மக்கிய எரு போட்ட மண் இருந்தாலே இலை இலையாகத் தள்ளும். மாவுக்கு மூன்றும் வேண்டும். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் மரம் பச்சைப் பசேல் என்று இருக்கும், பூ மட்டும் வராது. 'மரம் நல்லா இருக்கு, காய்தான் இல்லை' என்று பலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவிலும் வித்தியாசம் உண்டு. மாங்கன்றுக்கு முதல் ஆண்டில் சுமார் 10 கிலோ தொழு உரம் போடுவார்கள். ஆண்டுக்கு 10 கிலோ வீதம் கூட்டிக்கொண்டே போய் 50 கிலோ வரை வரும். உங்கள் எடையைவிட அதிகமாகக்கூட இருக்கும்!

வெயிலும் ஈயும்

கீரைக்கு நாலைந்து மணி நேர வெயில் கிடைத்தாலே சமாளித்துக்கொள்ளும். அதுவும் நம் ஊர்ச் சூட்டுக்கு அசராத இனம் அது. கரும்பு, மக்காச்சோளம் போல, கடும் வெயிலிலும் வேகமாக உணவு தயாரிக்கும் திறமை அதற்கு உண்டு. அதனால்தான் வெப்பமான நாடுகளில் எல்லாம் இந்தக் கீரைக் குடும்பம் பரவியிருக்கிறது. ஜமைக்கா தீவில் இதைக் 'காலலூ' என்று சொல்லி விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

மாவுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே நட்டால் வெயிலைத் தேடி ஒல்லியாக உயரும், பூப்பது அரிதாகிவிடும்.

கீரையைப் பூப்பதற்கு முன்பே பறித்துவிடுகிறோம். எனவே பூச்சிகளின் உதவி அதற்குத் தேவையில்லை. மாவுக்கோ ஈ, தேனீ எல்லாம் வந்தாக வேண்டும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். அத்தனையும் பழமாகாது, ஒன்றிரண்டு நின்றாலே அதிர்ஷ்டம். நாம் வீட்டுக்குள் விரட்டும் ஈதான் மாம்பழத்துக்குக் காரணமான நண்பன்!

மழையும் புயலும் கேட்ட கேள்வி

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு மழையில் கீரைப் பாத்தி இருந்த இடமே தெரியாது. ஆனால் தண்ணீர் வடிந்து, மண் உலர்ந்து, மறுபடி விதை தூவினால் 25 நாளில் கீரை தயார்.

அடுத்த ஆண்டு 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய காற்றில் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவ்வளவு பலமான காற்று எந்த மரத்தையும் தள்ளிவிடலாம். ஆனால் சுற்றிலும் சிமென்ட் பூசப்பட்டு, வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓட வழியில்லாமல் நிற்கும் மரம் இன்னும் சுலபமாக விழும்.

விழுந்த மரத்துக்குப் பதில் அன்றே ஒரு கன்று நட்டிருந்தாலும், அது வளர்ந்து காய்க்கப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கீரையில் தவறு செய்தால் நஷ்டம் ஒரு மாதம். மரத்தில் தவறு செய்தால் நஷ்டம் உங்கள் பள்ளிப் பருவமே! அதனால்தான் மரத்துக்குத் தொடக்கத்திலேயே சரியாகச் செய்ய வேண்டும் என்கிறோம்.

முதல் இரண்டு கோடை

உங்கள் பள்ளியில் மரக்கன்று நட்டிருப்பீர்கள். கைதட்டல், போட்டோ எல்லாம் முடிந்தது. அந்தக் கன்று இன்று எங்கே? போய்ப் பாருங்கள். பல பள்ளிகளில் வெறும் குழியும் காய்ந்த குச்சியும்தான் மிச்சம்.

காரணம் எளிது. ஆடி, ஆவணியில் நடுகிறோம். மழை வந்து காப்பாற்றுகிறது. அடுத்து வருவது ஏப்ரல், மே. மண் கொதிக்கும் அந்த நேரத்தில்தான் பள்ளிக்கு விடுமுறை! கன்றுக்கு மிகவும் தாகம் எடுக்கும்போது தண்ணீர் ஊற்ற ஆளே இல்லை. கீரையாக இருந்தால் விடுமுறைக்கு முன்பே பறித்து முடித்திருப்போம். மரத்துக்கோ முதல் இரண்டு கோடையும் கண்டம்.

அதற்கு ஒரு பழைய தமிழ்நாட்டு யோசனை, பானைப் பாசனம். ஒரு மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, பருத்தித் துணித் திரியைச் செருகுங்கள். கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, கழுத்து வரை மண்ணில் புதையுங்கள். தண்ணீர் நிரப்பி மூடியால் மூடுங்கள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும், ஜாக்கிரதை! சொட்டுச் சொட்டாக ஈரம் வேருக்குப் போகும். மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். கன்றைச் சுற்றிக் காய்ந்த சருகைப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் இருக்கட்டும். வெயில் ஈரத்தைத் திருடாது.

பானை வைத்தாலும் நிரப்ப ஒரு ஆள் வேண்டுமே! பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ள நாலு பேர் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு வாரம் ஒரு நாள், அவ்வளவுதான்.

ஒரு பார்வையில்...

* நாம் எடுப்பது: கீரையில் இலை; மாவில் பழம்.
* காத்திருப்பு: கீரைக்கு 20-25 நாள், ஒட்டு மாவுக்கு 4-5 ஆண்டு.
* மண்: கீரைக்கு அரையடி, மாவுக்கு ஒரு மீட்டர் குழி.
* தண்ணீர்: கீரைக்குத் தினமும் கொஞ்சம், மாவுக்கு இடைவெளி விட்டு நிறைய, பூக்கும் முன் ஓய்வு.
* உரம்: கீரைக்குத் தழைச்சத்து முக்கியம், மாவுக்கு மூன்று சத்தும்.
* வெயில்: கீரைக்கு நாலைந்து மணி நேரம், மாவுக்கு நாள் முழுக்க.

சரி, இரண்டில் எதை வளர்க்கலாம்? மாடி மட்டும்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் கீரை. கொஞ்சம் இடம் இருந்தால் கொய்யா; அது இரண்டு மூன்று ஆண்டிலேயே காய்க்கும். நல்ல இடம் இருந்தால் மா. முடிந்தால் ஒரு தந்திரம் செய்யுங்கள். மாங்கன்றைச் சுற்றி, இரண்டடி தள்ளிக் கீரை விதையுங்கள். மரம் நிழல் விரிக்கும் வரை அந்த இடம் கீரைக்குத்தான். மாம்பழத்துக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் கீரை சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம்!

ஆனால் தண்ணீர் ஊற்றும்போது மறக்காதீர்கள். கீரைக்குப் பூவாளி, மாவுக்கு வாளி. இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் இதைச் சரியாகச் செய்தால், கல்லூரிக்குப் போகும்போது உங்கள் மரத்து மாம்பழம் கையில் இருக்கும்.

என்ன குட்டீஸ், அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கிளம்பலாமா?